இந்திய பைலட் லைசென்ஸை ஐரோப்பிய லைசென்ஸாக மாற்ற முடியுமா? கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறான். வயது 24. இந்திய விமானத்துறை அமைப்பான டிஜிசிஏ கொடுத்த கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கையில் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள விமானத்துக்கான மல்டி எஞ்சின் ரேட்டிங், கருவிகளைக் கொண்டே பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இரண்டும் உண்டு. மொத்தம் 212 மணி நேரம் பறந்திருக்கிறான். ஒன்றரை வருடமாக வேலை இல்லை. கொச்சியில் ஓர் ஏஜென்ட், "ஆறே மாதத்தில் இதை ஐரோப்பிய லைசென்ஸாக மாற்றித் தருகிறோம், அங்கேயே வேலையும் கிடைக்கும்" என்று சொல்கிறாராம். தென்னந்தோப்பில் பாதியை விற்றுத்தான் அப்பா இவனைப் படிக்க வைத்தார். மீதிப் பாதியை அடமானம் வைக்கலாமா, இது நிஜமாகவே நடக்கிற காரியமா என்று கேட்கிறான்.

தம்பி, தோப்பை இப்போது அடமானம் வைக்க வேண்டாம். இந்திய லைசென்ஸ் இருப்பவர் ஐரோப்பிய லைசென்ஸ் வாங்க முடியும், நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் 212 மணி நேரத்தில் நிற்கும் உனக்கு அது கிட்டத்தட்ட மறுபடியும் முதலிலிருந்து படிப்பதுதான். அப்படிப் படித்து லைசென்ஸ் வாங்கினாலும் அங்கே வேலைக்குச் சேர வேறொரு தடை இருக்கிறது. அதைப் பற்றி ஏஜென்ட் உன்னிடம் வாயே திறந்திருக்க மாட்டார். இதே முயற்சியை 1,500 மணி நேரம் தாண்டிய பிறகு செய்தால் செலவு குறையும், பலனும் இருக்கும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் வேலந்தாவளத்துக்காரன். உன்னைப் போலவே தமிழ் மீடியத்தில் தொடங்கி, சித்தூரில் பிளஸ் டூ முடித்து, கடன் வாங்கிப் பறக்கக் கற்றவன். இந்தியாவில் ஆறு வருடம் ஏர்பஸ் 320-ல் துணை விமானியாக இருந்தேன். இப்போது அயர்லாந்தில் இருக்கிறேன். அங்கே வந்து சேர்ந்தது என் திறமையால் மட்டும் என்று சொன்னால் அது பொய். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த "மாற்றுவது" என்ற சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் எடுத்த டிரைவிங் லைசென்ஸோடு வாளையாறு தாண்டிப் பாலக்காடு போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. விமான லைசென்ஸும் அப்படித்தான் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். 1944-ல் கையெழுத்தான சிகாகோ ஒப்பந்தம் சொல்வது வேறு. ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு கொடுத்த லைசென்ஸோ அந்த நாடு ஏற்றுக்கொண்ட லைசென்ஸோதான் அதை ஓட்டுகிறவரிடம் இருக்க வேண்டும். டெல்லியிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு இந்திய விமானத்தை எடுத்துப் போகிறவர் இந்திய லைசென்ஸோடுதான் போகிறார், இறங்குகிறார், திரும்பி வருகிறார். அந்த விமானத்தின் உடலில் 'விடி' என்று எழுதியிருக்கிறது, அது போதும். பக்கத்து நிறுத்துமிடத்தில் நிற்கும் விமானத்தில் ஜெர்மனியின் 'டி' இருந்தாலோ, அயர்லாந்தின் 'இஐ' இருந்தாலோ, மால்டாவின் '9எச்' இருந்தாலோ, அதே மனிதர் அதன் காக்பிட்டில் விமானியாக உட்கார முடியாது. அதற்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான இயாசாவின் விதிகளின்படி கொடுக்கப்பட்ட லைசென்ஸ் வேண்டும்.

அந்த லைசென்ஸ் ஒன்று இருந்தால் 31 நாடுகளில் செல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகள், அவற்றோடு நார்வே, சுவிட்சர்லாந்து, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன். பிரிட்டன் இந்தக் கணக்கில் இல்லை. 2020 டிசம்பர் 31-ஓடு அது இயாசாவிலிருந்து விலகிவிட்டது, இப்போது அவர்கள் லைசென்ஸ் தனி. "லண்டன் லைசென்ஸும் இதுவும் ஒன்றுதான்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு.

உன் இந்திய லைசென்ஸுக்கு அங்கே என்ன மதிப்பு? விதி தெளிவாகவே இருக்கிறது. 2020/723 என்ற எண்ணுள்ள ஐரோப்பிய ஒழுங்குமுறை அது. வெளிநாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவர் ஐரோப்பிய லைசென்ஸுக்கான எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்ற வேண்டும். பயிற்சியின் காலம், வகுப்புகளின் எண்ணிக்கை, பறக்கும் மணி நேரம் ஆகியவற்றை மட்டும் குறைக்கலாம். எவ்வளவு குறைப்பது என்பதை அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி பரிந்துரைக்கும், அந்த நாட்டு விமானத்துறை முடிவு செய்யும். உன் லைசென்ஸும் லாக்புக்கும் அனுபவத்துக்கான சான்றாக ஏற்கப்படும். தேர்வுகளில் ஒன்றுகூடக் குறையாது.

அதே ஒழுங்குமுறையில் இன்னொரு வரி இருக்கிறது. ஏடிபிஎல், அதாவது ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவர், ஐரோப்பிய ஏடிபிஎல்லுக்கான அனுபவத்தையும் முடித்து, தேர்வு கொடுக்கப்போகும் விமான வகையை ஓட்டுவதற்கான தகுதியான டைப் ரேட்டிங் செல்லுபடியில் இருந்தால், எழுத்துத் தேர்வுக்கு முந்தைய பயிற்சி, ஸ்கில் டெஸ்ட் என்ற பறக்கும் தேர்வுக்கு முந்தைய பயிற்சி இரண்டிலிருந்தும் முழு விலக்கு பெறலாம். அவர் தானாகவே படித்து எழுத்துத் தேர்வுகளை முடித்து, மெடிக்கல் எடுத்து, சிமுலேட்டரில் ஸ்கில் டெஸ்ட் கொடுத்தால் முடிந்தது. உனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு வரிதான். பணக் கணக்கில் அது பல லட்சம்.

அனுபவம் என்றால் எவ்வளவு? மொத்தம் 1,500 மணி நேரம். அதில் இரண்டு விமானிகள் சேர்ந்து இயக்கும் விமானத்தில் 500, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 75, இரவில் 100. இவை ஏர்லைனில் இரண்டு மூன்று வருடம் ஓடினால் தானாகச் சேர்ந்துவிடும். மாட்டிக்கொள்கிற இடம் வேறு. பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக, 250 மணி நேரம் வேண்டும், அல்லது கேப்டனின் மேற்பார்வையில் கமாண்டராகச் செயல்பட்டதாக 500 மணி நேரம் வேண்டும், அல்லது 70 மணி நேரம் சொந்தக் கமாண்டும் மீதி மேற்பார்வையிலுமாக 250. ஃபிளையிங் ஸ்கூலிலிருந்து வரும் நமக்குச் சொந்தக் கமாண்ட் நூற்றுச் சொச்சம் மணிதான். மீதியை மேற்பார்வை நேரமாகக் காட்ட வேண்டும். அதற்குக் கேப்டன் கையெழுத்து இருக்க வேண்டும். நாளைக்கு நீ ஏர்லைனில் சேர்ந்தால் முதல் மாதத்திலிருந்தே இதைக் கேட்டு வாங்கு. நான் அப்போது கூச்சப்பட்டேன். பிறகு நாலு வருடத்துப் பழைய ஃபிளைட்டுகளுக்குக் கையெழுத்துக் கேட்டு ஓய்வு பெற்றுப் போன கேப்டன்களின் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

சரி, எழுத்துத் தேர்வுக்கு வருவோம். டிஜிசிஏவில் நீ ரெகுலேஷன்ஸ், மெட் என்கிற வானிலை, நேவிகேஷன், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிபிக் என்று முடித்திருப்பாய், ரேடியோ தனி. ஐரோப்பிய ஏடிபிஎல்லில் 13 பாடங்கள். நம் நேவிகேஷன் அங்கே பொது வழிகாட்டல், ரேடியோ வழிகாட்டல், பயணத் திட்டமிடல் என்று மூன்றாகப் பிரிகிறது. டெக்னிக்கலும் அப்படியே: விமானக் கட்டமைப்பு, கருவிகள், பறத்தலின் தத்துவம், எடையும் சமநிலையும், செயல்திறன். இவற்றோடு விமானச் சட்டம், மனிதத் திறன், வானிலை, இயக்க நடைமுறை, தொடர்பு. ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். தவறான விடைக்கு மார்க் கழிக்க மாட்டார்கள். ஒரு பாடத்துக்கு நான்கு வாய்ப்பு. முதல் தேர்வு எழுதிய மாதம் முடிந்ததிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாம் தேறியிருக்க வேண்டும். தவறினால் தேறிய பாடங்களும் சேர்ந்து போய்விடும். எல்லாத் தேர்வையும் ஒரே நாட்டு அமைப்பின் கீழ்தான் எழுத வேண்டும், இரண்டை இங்கே, மூன்றை அங்கே என்று பிரிக்க முடியாது.

முழு ஏடிபிஎல் படிப்புக்கு 650 மணி நேர வகுப்பு என்பது விதி. உன்னைப் போன்றவருக்குப் பள்ளியின் பரிந்துரையில் இது குறையலாம், முழுக்க நீங்காது. தொலைதூரப் படிப்பாக வீட்டிலிருந்தே பெரும்பகுதியை முடிக்கும் வழி உண்டு, குறைந்தது பத்தில் ஒரு பங்கை நேரில் போய் உட்கார்ந்து முடிக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டே இதைப் படிக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொள், பிறகு உதவும்.

இந்தப் பாடங்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறோம் என்று சொல்ல எனக்கு ஆசை. நான் விழுந்ததும் அங்கேதான். வானிலை. டிஜிசிஏவுக்குப் படித்தபோது தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம், வங்காள விரிகுடாப் புயல் என்று கண்ணால் பார்த்ததையே படித்தோம். ஐரோப்பியத் தாளில் வார்ம் ஃபிரண்ட், கோல்ட் ஃபிரண்ட், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அக்லூஷன் என்று பக்கம் பக்கமாக வரும். ஒரு வார்ம் ஃபிரண்ட் நெருங்கும்போது முதலில் எந்த மேகம், அடுத்தது எது, காற்று எந்தப் பக்கம் திரும்பும், அழுத்தம் எப்படி மாறும் என்று கேட்பார்கள். நம் வானத்தில் அப்படி ஒரு வரிசையைப் பார்த்ததே இல்லை. மனப்பாடம் செய்துகொண்டு போனேன், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டதும் விழுந்தேன். முதல் முறை வானிலையில் ஃபெயில்.

ஆனால் அதே தாளில் நமக்கு லட்டு மாதிரி வரும் கேள்விகளும் உண்டு. மலையின் ஒரு பக்கம் ஏறி மழையைக் கொட்டிவிட்டு மறுபக்கம் சூடாகவும் வறண்டும் இறங்கும் காற்றை ஆல்ப்ஸ் பக்கத்தில் ஃபோன் காற்று என்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே கொட்டித் தீர்த்துவிட்டு, கிழக்குப் பக்கத்தைக் காயப்போடும் ஆடிக் காற்றைப் பார்த்து வளர்ந்தவன் நீ. இரண்டு மலைகளுக்கு நடுவில் நெருக்கப்பட்டு வேகம் கூடும் காற்று பற்றிய கேள்விக்கு, 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான நம் பாலக்காட்டுக் கணவாயும் காஞ்சிக்கோட்டில் சுற்றும் காற்றாலைகளும் போதும். அந்தக் காற்றுக்கு எதிர்முகமாக இறங்க வேண்டும் என்பதால்தான் ஆடியில் கோவைக்கு வரும் விமானம், தென்மேற்கு நோக்கி இறங்கும் 23 என்ற ஓடுபாதையைத் தேடுகிறது. இரண்டாம் முறை நான் இப்படித்தான் படித்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் நம் ஊரில் ஓர் இடத்தைத் தேடினேன், கிடைக்காததை மட்டும் மனப்பாடம் செய்தேன்.

நேவிகேஷனிலும் இது உதவியது. நம் கொழிஞ்சாம்பாறை ஏறத்தாழ 10.7 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே கிழக்கு மேற்காக ஒரு பாகை நகர்ந்தால் ஏறத்தாழ 59 நாட்டிகல் மைல். டப்ளினில் அதே ஒரு பாகை 36 மைல்தான். தீர்க்கரேகைகள் நம் பக்கத்தில் ஏறக்குறைய இணைகோடுகள் மாதிரி போவதால், பத்து பாகை கிழக்கே போனாலும் அவற்றின் கோண வித்தியாசம் இரண்டு பாகைக்குள் அடங்கிவிடும், நாம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. டப்ளினில் அது எட்டு பாகை. அங்கே கண்டுகொள்ளாமல் விட்டால் விடை தப்பிவிடும். இந்தக் கோண வித்தியாசத்தைக் கேட்கும் கன்வெர்ஜென்ஸி கணக்குகளில் நம் பிள்ளைகள் தவறுவது இந்தப் பழக்கத்தால்தான் என்று நினைக்கிறேன்.

மெடிக்கல். டிஜிசிஏவின் கிளாஸ் 1 மருத்துவச் சான்றிதழ் அங்கே செல்லாது. முதல் கிளாஸ் 1-ஐ இயாசா நாடுகள் அங்கீகரித்த ஏரோமெடிக்கல் சென்டரில்தான் எடுக்க வேண்டும். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கும் முன் நிறம் பிரித்துப் பார்க்கும் திறனைச் சரிபார்த்துக்கொள். இஷிஹாரா புத்தகத்தின் 24 தட்டுப் பதிப்பில் முதல் 15 தட்டுகளை ஒரு தவறும் இல்லாமல் சொல்ல வேண்டும், அது முடியாவிட்டால் மேல் சோதனைகள் உண்டு. கண் மருத்துவரிடம் பத்து நிமிட வேலை.

இங்கேதான் நான் பட்ட அடியைச் சொல்ல வேண்டும். எனக்கும் ஓர் ஏஜென்ட் இருந்தார். தேர்வுக்கு ஒரு நாட்டில் பதிவு செய்தார், மெடிக்கலுக்குச் சீக்கிரம் தேதி கிடைக்கிறது என்று வேறொரு நாட்டுக்கு அனுப்பினார். ஐரோப்பிய விதிப்படி ஒருவருக்கு ஒரே ஒரு லைசென்ஸ்தான், அதைக் கொடுக்கும் நாட்டிடம்தான் அவருடைய மருத்துவக் கோப்பும் இருக்க வேண்டும். என் கோப்பை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்ற எத்தனை மாதம் ஆனது தெரியுமா? தேர்வெல்லாம் தேறிய பிறகு ஏழு மாதம் சும்மா இருந்தேன். டைப் ரேட்டிங் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், அது காலாவதியாகி மறுபடியும் சிமுலேட்டருக்குப் பணம் கட்டினேன். அதனால் முதல் நாளே ஒரு நாட்டை முடிவு செய். அயர்லாந்தோ மால்டாவோ ஆஸ்திரியாவோ, எதுவானாலும் தேர்வு, மெடிக்கல், லைசென்ஸ் விண்ணப்பம் மூன்றும் அங்கேயே இருக்கட்டும். எந்த நாட்டில் வாங்கினாலும் லைசென்ஸின் மதிப்பு ஒன்றுதான். அதனால் தேர்வு தேதி எளிதாகக் கிடைக்கிறதா, கடிதத்துக்கு ஆங்கிலத்தில் பதில் போடுகிறார்களா என்று மட்டும் பார்.

பறக்கும் பகுதி. உன் நிலையில் என்றால் பள்ளி முதலில் உன்னை ஒரு முறை பறக்க வைத்துப் பார்க்கும். பிறகு எத்தனை மணி நேரப் பயிற்சி என்று சொல்லும். அப்புறம் கமர்ஷியல் ஸ்கில் டெஸ்ட், இரட்டை எஞ்சினில் இன்ஸ்ட்ருமென்ட் டெஸ்ட். இவை முடிந்தாலும் ஏர்லைன் பக்கம் போக இன்னும் இரண்டு வேண்டும். ஒன்று எம்சிசி, இரண்டு பேர் சேர்ந்து காக்பிட்டில் வேலை செய்யும் பயிற்சி. இன்னொன்று அட்வான்ஸ்டு யூபிஆர்டி, தலைகீழாகப் போன விமானத்தை மீட்கும் பயிற்சி: 5 மணி நேரம் பாடம், 3 மணி நேரம் பறப்பது. முதல் மல்டி பைலட் டைப் ரேட்டிங்குக்கு முன் இது கட்டாயம். இரட்டை எஞ்சின் விமானம் அங்கே மணிக்குப் பல நூறு யூரோ. எக்ஸாமினர் கட்டணம், ஒவ்வொரு தரையிறங்கலுக்கும் லேண்டிங் கட்டணம், மேகம் கவிந்து பறக்க முடியாத நாட்களுக்கு அறை வாடகை என்று ஏஜென்டின் தாளில் இல்லாதவை சேர்ந்துகொண்டே போகும். குளிர்காலத்தில் போகாதே. நம் ஊரில் மழைக்காலத்தில்கூட உறைநிலை 16,000 அடி உயரத்தில் இருக்கும், சின்ன விமானம் அந்தப் பக்கம் போவதே இல்லை. அங்கே டிசம்பரில் அது தரைக்கே வந்துவிடும், மேகத்துக்குள் நுழைந்தால் இறக்கையில் பனிக்கட்டி பிடிக்கும். அதனால் பயிற்சி நாட்கள் வீணாகும்.

ஐஆர் என்று சொல்லும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு ஒரு சுருக்கு வழி இருப்பதாக ஏஜென்ட் சொல்லியிருக்கலாம். உண்மைதான், இருக்கிறது. வெளிநாட்டு ஐஆர் செல்லுபடியில் இருந்தால் முழுப் பயிற்சிக்கும் விலக்கு பெற்று நேராக டெஸ்ட் கொடுக்கலாம். ஆனால் பைலட் இன் கமாண்டாக ஐஎஃப்ஆரில், அதாவது கருவிகளைக் கொண்டு பறக்கும் விதிமுறையில், 50 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். 212 மணி நேர லாக்புக்கில் அது இருக்காது. அதோடு இந்திய ஐஆர் ஒரு வருடம்தான் செல்லும். நீ ஒன்றரை வருடமாக வேலையில்லாமல் இருக்கிறாய், இடையில் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அது ஏற்கெனவே காலாவதியாகியிருக்கும்.

லைசென்ஸையே மாற்றாமல், இந்திய லைசென்ஸை அங்கே தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளச் செய்யும் வழியும் ஒன்று உண்டு. அது அதிகபட்சம் ஒரு வருடம், ஐரோப்பிய லைசென்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தால் ஒரு முறை நீட்டிக்கலாம். ஏர்லைன் அவசரமாக அனுபவசாலிகளை எடுக்கும்போது பயன்படுவது அது, உனக்குத் தேவைப்படாது.

இப்போது அந்தத் தடை. ஐரோப்பிய ஏர்லைன்களின் துணை விமானி விளம்பரங்களை நீயே எடுத்துப் படி. பெரும்பாலானவற்றில், ஐரோப்பிய ஒன்றியத்தில் தங்கவும் வேலை செய்யவும் தடையில்லாத உரிமை வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். லைசென்ஸ் அந்த உரிமையைத் தராது. டூரிஸ்ட் ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள் இருக்கலாம், வேலை செய்யக் கூடாது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, 200 மணி நேரத்தோடு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களை விட்டுவிட்டு விசா ஸ்பான்சர் செய்து உன்னை எடுக்க ஒரு கம்பெனிக்குக் காரணம் வேண்டும். 3,000 மணி நேரமும் டைப் ரேட்டிங்கும் அந்தக் காரணம் ஆகலாம். 212 மணி நேரம் ஆகாது.

எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன் என்றேன் இல்லையா. என் மனைவி செவிலியர், நெம்மாறைக்காரி. அவளுக்குத்தான் முதலில் அயர்லாந்தில் வேலை கிடைத்தது. செவிலியர் அங்கே தேவைப்படும் திறன்கள் பட்டியலில் இருப்பதால், அந்தப் பெர்மிட்டில் போகிறவரின் கணவனுக்கோ மனைவிக்கோ தனி பெர்மிட் இல்லாமல் வேலை செய்யும் அனுமதி உண்டு. அந்தக் கதவு வழியாகத்தான் நான் நுழைந்தேன். என்னோடு இந்தியாவில் பறந்து, என்னைவிட நன்றாகப் பறக்கிற நண்பர்கள், ஐரோப்பிய லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு இன்னும் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். இதை மறைத்துவிட்டு உனக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் உன் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? முதலில் இந்திய ஐஆரைப் புதுப்பிப்பேன், பறக்கும் கையைத் துருப்பிடிக்க விட மாட்டேன். ஏர்லைன் தேர்வுகளுக்கு எழுதிக்கொண்டே, ஃபிளையிங் ஸ்கூலில் உதவிப் பயிற்றுநர் ரேட்டிங் எடுத்துச் சொல்லிக் கொடுக்கப் போவேன். சம்பளம் குறைவு, ஆனால் மணி நேரம் ஏறும். அதுவும் பைலட் இன் கமாண்ட் நேரமாக ஏறும், மேலே சொன்ன 250-க்கு அது நேராகப் போய்ச் சேரும். 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவை வந்து சேரச் சேர விமானிகள் வேண்டும். உன் மணி நேரம் இந்தியாவில்தான் சேரும் என்று நான் நம்புவதற்கு அது ஒரு காரணம். ஏர்லைனில் சேர்ந்து ஆயிரம் மணி நேரம் தாண்டும்போது தொலைதூரத்தில் 13 பாடங்களைத் தொடங்கு. சீக்கிரம் எழுதி வைத்துக்கொள்வதும் புத்திசாலித்தனம் இல்லை. தேறிய தாள்கள் கமர்ஷியல் லைசென்ஸும் ஐஆரும் வாங்க 36 மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் ஐஆர் வாங்கிவிட்டால், ஏடிபிஎல்லுக்கு அந்த ஐஆர் கடைசியாகச் செல்லுபடியில் இருந்த நாளிலிருந்து 7 வருடம். இந்திய ஏர்லைனை விட்டு வெளியேறத் துணை விமானிக்கு ஆறு மாத நோட்டீஸ், கமாண்டருக்கு ஒரு வருடம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்.

கடைசியாகப் பேப்பர் வேலை ஒன்று, இதை இன்றே தொடங்கலாம். நம் பெயர். உனக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்துப் பின்னால், டிஜிசிஏ லைசென்ஸில் இன்னொரு மாதிரி. ஐரோப்பிய விண்ணப்பத்தில் சர்நேம் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. லைசென்ஸ், பாஸ்போர்ட், மெடிக்கல் மூன்றிலும் ஒரே பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். டிஜிசிஏ உன் லைசென்ஸைச் சரிபார்த்து அந்த நாட்டு அமைப்புக்கு நேராகக் கடிதம் அனுப்பும்போது, பெயர் பொருந்தாவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். எங்கள் வீட்டில் பிறந்த ஊரே தகராறு ஆனது, ஒரு தாளில் பால்காட், இன்னொன்றில் பாலக்காடு. இரண்டும் ஒரே ஊர்தான் என்று நிரூபிக்கத் தாசில்தார் அலுவலகத்துக்கு என் அப்பா மூன்று முறை நடந்தார். நீ இப்போதே பாஸ்போர்ட்டை எடுத்து மற்ற எல்லாத் தாளோடும் ஒப்பிட்டுப் பார்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். மாட்டுப் பொங்கல் அன்று காலையில் வேலந்தாவளம் வீட்டுக்கு வா. லாக்புக்கும், அந்த ஏஜென்ட் கொடுத்த ஒப்பந்தத் தாளும் இருந்தால் கொண்டு வா. அப்பாவையும் அழைத்து வா, அவரிடமும் நான் பேச வேண்டும்.